அம்மா வரும்போதெல்லாம் பையை எடுத்துக்கொண்டு வெளியேறுவது யார்? தன்பாலீர்ப்பு இணையருக்கான குடும்ப ஆலோசனை பற்றி ஓசூரிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: ஓசூர் வாசகர், 8 ஜூன் 2025

எனக்கு 31 வயது. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். என் இணையருக்கு 33. ஆறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். வீட்டுக்காரரைப் பொறுத்தவரை நாங்கள் ரூம்மேட்கள். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து அம்மா வரும்போதெல்லாம் சேர்ந்திருக்கும் கட்டில்களைப் பிரித்துப் போடுவோம். அவன் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு நண்பர் அறைக்குப் போய்விடுவான். இந்தச் சித்திரையில் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மாமா மகளைக் கட்டிக்கொள் என்று ஒரு பக்கம் அழுகிறார். மாத்திரை கொடுத்து மாற்றிவிடும் மருத்துவர் ஒருவர் இருக்கிறாராம், வா போகலாம் என்று இன்னொரு பக்கம் கூப்பிடுகிறார். இதற்கு நடுவில் எங்கள் இருவருக்குள்ளும் தினமும் சண்டை. எங்களைப் போன்றவர்களுக்குக் குடும்ப ஆலோசனை என்று ஒன்று உண்டா? போனால் யார் போக வேண்டும், நாங்கள் இருவருமா, அம்மாவுமா? வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், ஆனால் மனசு விட்டுப் பேச வராது.

9 ஜூன் 2025

உண்டு. மாத்திரையைப் பற்றி முதலில் எழுதுகிறேன், அதற்குத்தான் அவசரம். தன்பாலீர்ப்பு நோய் அல்ல, எனவே அதற்கு மருந்தும் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றும் தங்கள் நோய்ப் பட்டியல்களிலிருந்து அதை நீக்கின. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது மனநோய் அல்ல என்று 2018இல் அறிவித்தது. மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை தருவது மருத்துவருக்குரிய நடத்தை விதிகளை மீறிய செயல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் மாநில மருத்துவ மன்றங்களுக்கு எழுதியது. அதற்குத் தூண்டுதலாக இருந்தது நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுதான். ஆகவே அந்த மருத்துவரிடம் போகாதீர்கள். அம்மாவிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். "அப்படி வைத்தியம் பண்ணக்கூடாதுன்னு டாக்டருங்களுக்கே உத்தரவு போட்டிருக்காங்கம்மா" என்று சொன்னால், மகன் மறுக்கிறான் என்ற எண்ணம் சற்றுக் குறையும்.

நான் தருமபுரியில் பதினேழு ஆண்டுகளாகக் குடும்ப நல ஆலோசகராக இருக்கிறேன். யார் போக வேண்டும் என்று கேட்டால், முதலில் நீங்கள் இருவர் மட்டும். அம்மா பிறகு, தனியாக, வேறொரு நாளில். வேறொரு ஆலோசகரிடம் என்றால் இன்னும் நல்லது. மூவரும் ஒரே அறையில் உட்காருவது கடைசியில் வர வேண்டியது. சில வீடுகளில் அது வராமலே போகும், அதனால் ஆலோசனை தோற்றுவிட்டதாகப் பொருள் இல்லை.

9 ஜூன் 2025, இரவு

இங்கே நான் சொல்லப்போகும் குடும்பங்களின் ஊர், தொழில், வயது எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன், இரண்டு மூன்று வீட்டுச் செய்திகளை ஒன்றாகவும் கலந்திருக்கிறேன். தருமபுரி பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தால் நான்கு பேராவது தெரிந்தவர்களாக இருக்கும் ஊர் இது. என்னிடம் வரும் இணையரை ஒருவர் பத்து மணிக்கும் மற்றவர் பத்தே காலுக்கும் வரச் சொல்கிறேன்; பதிவேட்டில் உறவுமுறை என்ற கட்டத்தை நிரப்புவதில்லை. நம் பகுதியில் கவுன்சிலிங் என்றால் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். அந்த மயக்கம் சில பிள்ளைகளுக்கு மறைப்பாகவும் உதவியிருக்கிறது.

12 ஜூன் 2025

மூவரையும் சேர்த்து உட்கார வைக்க ஏன் அவசரப்படக் கூடாது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். குடும்ப ஆலோசனை என்றாலே எல்லோரும் கூடிப் பேசுவதுதானே என்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். அதற்கு ஒரு பெண் விலை கொடுத்தாள்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்து வாழும் தன்பாலுறவு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. அன்று நான் மிகவும் மகிழ்ந்தேன், சட்டமே வழிவிட்ட பிறகு வீடுகளில் பேசிப் புரியவைப்பது எளிதாகிவிடும் என்றும் நினைத்தேன். மறு ஆண்டு பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் தம் மகளை அழைத்து வந்தார். மகளுக்கு 22 வயது. ஓசூரில் தொழிற்சாலை வேலை, விடுதி வாசம். வருகிற வரன் எல்லாவற்றையும் தட்டிக் கழிக்கிறாள், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்பது அவருடைய குறை. முதல் நாள் தனியாகப் பேசியபோது, உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தியோடு வாழ விரும்புவதாக அவள் என்னிடம் சொன்னாள். அப்பா கோபக்காரர் அல்லர், அவருக்குத் தன்மேல் உயிர் என்றும் சொன்னாள். அந்த ஒரு சொல்லை நம்பி, இரண்டாம் அமர்விலேயே இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "அப்பாகிட்ட நீயே சொல்லும்மா, நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன். அவள் சொன்னாள், நான்கே வாக்கியம்தான்.

அவர் கத்தவில்லை, அடிக்கக் கை ஓங்கவில்லை. மடியிலிருந்த துண்டை எடுத்து மெதுவாக உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க மேடம், வா சாமி போலாம்" என்றார். நான் அதை அமைதி என்று எடுத்துக்கொண்டேன். என் குறிப்பேட்டில் அன்று 'தந்தை நிதானமாக ஏற்றுக்கொண்டார்' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை இன்றும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அவளுடைய கைப்பேசி அணைந்திருந்தது. மூன்று வாரம் கழித்து அவளுடைய தோழி, ஓசூரிலிருந்து விடுப்புப் போட்டுவிட்டு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆந்திர எல்லையோரம் பெரியம்மா வீட்டில் வைத்திருக்கிறார்கள், தை மாதத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றாள். என்ன செய்யலாம் என்று கேட்டாள். வழக்கறிஞர், ஆட்கொணர்வு மனு, இலவச சட்ட உதவி என்று எதுவும் அன்று என் வாயில் வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது போதாது.

13 ஜூன் 2025

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பவர்களுக்கு: திருமணம் நடந்தது. இரண்டரை ஆண்டு கழித்து ஒரே ஒரு முறை என்னை அழைத்துப் பேசினாள். அவள் சொன்னதை இங்கே எழுதுவதற்கு எனக்கு உரிமை இல்லை.

அதற்குப் பிறகு, பெற்றோரோடு சேர்த்து அமர வைக்கும் முன் பிள்ளையிடம் நான் தனியாகக் கேட்காமல் விடாத கேள்விகள் சில உண்டு. ஆதார் அட்டையும் சான்றிதழ்களும் யார் கையில் இருக்கின்றன? உன் சம்பளம் விழும் கணக்கின் கார்டு யாரிடம் இருக்கிறது? இன்றிரவு வீட்டுக்குப் போக முடியாமல் போனால் எங்கே படுப்பாய், அந்த வீட்டுக்காரருக்கு இது தெரியுமா? கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டால் மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றாவது உண்டா? பெண்களுக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100, மனம் நொறுங்கும் நள்ளிரவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இவற்றை ஒரு சீட்டில் எழுதித் தருவதில்லை, சீட்டு அகப்பட்டுவிடும். மனப்பாடம் செய்யச் சொல்லி, போகும்போது ஒருமுறை ஒப்பிக்கச் சொல்கிறேன்.

19 ஜூன் 2025

ஓசூர் தம்பிக்கு. நீங்கள் கேட்டதில் பாதியைத்தான் இதுவரை தொட்டிருக்கிறேன். தினமும் சண்டை என்று எழுதியிருந்தீர்கள். எதற்குச் சண்டை என்று எழுதவில்லை, ஆனால் அந்தப் பையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அனுபவத்தில் இந்தச் சண்டைகள் பெரும்பாலும் அந்தப் பையைப் போன்ற ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

உங்களைப் போன்ற ஓர் இணையர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் அரூர்ப் பக்கம், மற்றவர் வெளி மாவட்டம். வெளிமாவட்டக்காரர் பெற்றோரை இழந்தவர், அதனால் வெளியேற வேண்டியவர் எப்போதும் அவரே. சண்டைக்குக் காரணம் பாத்திரம் துலக்குவது, கைப்பேசியை நோண்டிக்கொண்டே இருப்பது, விருந்தாளிக்கு முன்னால் 'டேய்' என்று கூப்பிட்டது என்றெல்லாம் சொன்னார்கள். மூன்றாவது அமர்வில், பை எங்கே இருக்கிறது என்று தற்செயலாகக் கேட்டேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தயாராகத் தொங்குகிறது என்றார் வெளிமாவட்டக்காரர். அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பல் துலக்கும் தூரிகை, சார்ஜர். மாமியார் வருகிற செய்தி வந்த பிறகு எடுத்து வைப்பது கேவலமாக இருக்கிறதாம், அதனால் முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டாராம். அந்த வீட்டுக்குப் பாதி வாடகை கொடுப்பவர் அவர். நான்கு ஆண்டாகத் தினமும் அந்தக் கதவைத் திறக்கும் மற்றவர், பை தொங்குவதைப் பார்த்ததே இல்லை என்றார். பொய் சொல்லவில்லை. பார்த்தால் அழுகை வரும் என்பதால் கண் அதை விட்டுத் தாண்டிப் போகப் பழகியிருந்தது.

இணையர் ஆலோசனையில் நாங்கள் செய்வது இதைத்தான்: சண்டையின் தலைப்பை விட்டுவிட்டு அதன் சுழற்சியைப் பார்ப்பது. உளவியலாளர் சூ ஜான்சன் வளர்த்தெடுத்த உணர்வு மையச் சிகிச்சையில் இதைத் துரத்துவதும் ஒதுங்குவதும் என்று விளக்குவார்கள். ஒருவர், "நான் உனக்கு யார்?" என்பதைப் பாத்திரம் துலக்கவில்லை என்ற குறையாகச் சொல்லிக் கத்துகிறார், மற்றவர், "அம்மாவையும் உன்னையும் சேர்த்து என்னால் தாங்க முடியவில்லை" என்பதைப் பேசாமல் இருந்து சொல்கிறார். கத்தக் கத்த ஒதுங்குகிறார், ஒதுங்க ஒதுங்கக் கத்துகிறார். ஆணும் பெண்ணுமான தம்பதியரிடமும் இதே சுழற்சி உண்டு. ஆனால் தாலி கட்டிய வீட்டில் "நான் உனக்கு யார்?" என்ற கேள்விக்கு ஊரே ஒரு விடை வைத்திருக்கிறது; மாமியார் வந்தால் மருமகள் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டியதில்லை. இங்கே அந்த விடையை இருவரே உட்கார்ந்து உண்டாக்க வேண்டும், அதுவும் வெளியே யாருக்கும் தெரியாமல். இந்தத் தெளிவின்மையே தன்பாலீர்ப்பு இணையருக்குத் தனிச் சுமை என்று ராபர்ட் ஜே கிரீன் போன்ற குடும்பச் சிகிச்சையாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் பிற தம்பதியரிடம் நான் கேட்காத கேள்விகளை இவர்களிடம் வெளிப்படையாகக் கேட்கிறேன். வீட்டு முன்பணம் யார் பேரில் இருக்கிறது? ஒருவர் மருத்துவமனையில் படுத்தால் முதலில் யாருக்குச் செய்தி போகும்? உங்கள் உறவு தொடங்கிய நாள் எது என்று இருவரும் ஒரே தேதியைச் சொல்கிறீர்களா?

22 ஜூன் 2025

இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தால் ஒட்டுதல் மிகுந்துபோய் மூச்சு முட்டும், இரண்டு ஆண்கள் என்றால் ஒட்டுதலே இருக்காது, இதைப் பாடத்தில் படித்தேன் என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். நானும் படித்தேன், சில காலம் நம்பியும் இருந்தேன். பாலக்கோட்டுப் பெண்கள் இருவர் ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொண்டதைக் கண்டு, தனித்தனி எல்லை வேண்டும் என்று அறிவுரை சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, ஒருத்தியின் கைப்பேசியை அவளுடைய அண்ணன் உடைத்துவிட்டான், புதிது வாங்கப் பணம் இல்லை. கிரீனும் அவருடைய கூட்டாளிகளும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பெண் இணையரும் சரி, ஆண் இணையரும் சரி, ஒப்பிட்ட ஆண்-பெண் தம்பதியரைவிட நெருக்கமாகவே இருந்தார்கள். அந்த நெருக்கம் நோயின் அடையாளம் என்று கொள்ள அதில் இடமில்லை. உளவியலாளர்கள் காட்மனும் லெவன்சனும் 21 ஆண் இணையரையும் 21 பெண் இணையரையும் 12 ஆண்டு பின்தொடர்ந்து, 2003இல் வெளியிட்டதையும் படியுங்கள்: கருத்து வேறுபாட்டைப் பேசத் தொடங்கும்போது ஆண்-பெண் தம்பதியரைவிட இவர்களிடம் பரிவும் நகைச்சுவையும் கூடுதலாகவும், அதட்டலும் அச்சுறுத்தலும் குறைவாகவும் இருந்தன. என் அறையிலும் இதைப் பார்க்கிறேன். அழுதுகொண்டே வந்தவர்கள், நடுவில் ஒருவர் மற்றவருடைய குறட்டையைப் பற்றிச் சொல்லிச் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பை ஒருபோதும் குறுக்கே பேசிக் கெடுக்காதீர்கள்.

6 ஜூலை 2025

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். "குடும்பத்தை உதறிவிட்டு பெங்களூருக்குப் போய்விடு, நாற்பது கிலோமீட்டர்தான்" என்று உங்களுக்கு ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். உயிருக்கு ஆபத்து என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். உங்கள் கேள்வியில் அப்படி ஆபத்து தெரியவில்லை, அம்மாவின் அழுகைதான் தெரிகிறது.

அந்த அழுகை எதற்கு என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் என்னிடம் தனியாக வந்தார்கள். மடியில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து இரண்டு ஜாதகங்களை எடுத்து மேசையில் வைத்து, விரலால் நீவி, "பத்துக்கு எட்டுப் பொருத்தம் மேடம்" என்றார்கள். ஒன்று மகனுடையது, இன்னொன்று தம்முடைய அண்ணன் மகளுடையது. அந்தப் பெண் பிறந்த அன்றே பேசி வைத்தது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அக்கா மகளை, மாமன் மகளைக் கட்டுவது எவ்வளவு இயல்பு என்று உங்களுக்குத் தெரியும். அது வெறும் திருமணம் அல்ல. பிறந்த வீட்டின் கதவு தனக்கு மூடிவிடாமல் இருக்க ஒரு பெண் வைத்துக்கொள்ளும் ஒரே சாவி. மகன் மறுத்தால் அண்ணன் பேச மாட்டார், தாய் வீட்டுச் சீர் நிற்கும், தாம் இறந்தால் கோடித்துணி போட அண்ணன் வருவாரா என்பது வரைக்கும் அந்த அம்மாவின் பயம் போயிருந்தது. முதல் இரண்டு அமர்வில் மகனுடைய விருப்பத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அண்ணனைப் பற்றித்தான் பேசினோம்.

மூன்றாவது முறை வந்தபோது, குடும்பச் சிகிச்சையாளர் முர்ரே போவன் வழியில் வந்த குடும்ப வரைபடத்தைப் போடச் சொல்லி, பென்சிலை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அண்ணனின் கட்டத்தை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் போட்டார்கள். கணவரின் கட்டம் ஓரத்தில் சிறியதாக இருந்தது. மகனைப் போட்டுவிட்டுப் பென்சிலை அப்படியே நிறுத்தி, "அந்தப் பையனை எங்க போடறது?" என்று கேட்டார்கள். "உங்களுக்கு எப்பப் போடணும்னு தோணுதோ அப்பப் போடுங்க, இன்னைக்கே போடணும்னு இல்லை" என்றேன். அன்று போடவில்லை. ஐந்தாவது அமர்வில், நான் எதுவும் கேட்காமலே, பழைய தாளை எடுக்கச் சொல்லி, மகனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட்டார்கள். இரண்டையும் இணைக்கும் கோட்டை மட்டும் புள்ளி புள்ளியாக வைத்தார்கள். "முழுக் கோடு போட எனக்கு இன்னும் மனசு வரலை" என்றார்கள். அந்தப் புள்ளிக்கோடு எனக்குப் போதுமானதாக இருந்தது. மகனுக்கு அது போதவில்லை. அதில் அவர் மேல் தவறில்லை.

பெற்றோரோடு தனியே அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கேரி டைமண்ட் குழுவினர் பிணைப்பு சார்ந்த குடும்பச் சிகிச்சையைத் தற்கொலை எண்ணமுள்ள தன்பாலீர்ப்பு இளையோருக்கு ஏற்ப மாற்றியபோது செய்த முக்கியமான மாற்றம் அதுதான்: ஏமாற்றம், கோபம், பயம் எல்லாவற்றையும் பெற்றோர் பிள்ளையின் காதில் விழாமல் கொட்டித் தீர்க்கத் தனி அமர்வுகளைக் கூட்டினார்கள். 2012இல் வெளியான அந்த முதற்கட்ட ஆய்வில் இருந்தவர்கள் பத்தே பேர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

7 ஜூலை 2025

நேற்று எழுதியதில் ஒரு குறை. ஆய்வுப் புள்ளிவிவரங்களைப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்பதை விட்டுவிட்டேன். ஆய்வாளர் கெய்ட்லின் ரயன் குழு அமெரிக்காவில் 21 முதல் 25 வயது வரையிலான, தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உள்ள 224 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், வளரும் பருவத்தில் வீட்டாரின் கடுமையான நிராகரிப்பைச் சந்தித்தவர்கள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்லும் வாய்ப்பு, நிராகரிப்பு இல்லாத அல்லது மிகக் குறைந்த வீட்டில் வளர்ந்தவர்களைவிட 8.4 மடங்கு கூடுதலாக இருந்தது. இந்த 8.4ஐ ஒரு தகப்பனாரிடம் கம்பை ஓங்குவதுபோல ஓங்கினேன். அவர் முகம் மூடிக்கொண்டது, "அப்ப நான்தான் என் புள்ளைய கொல்றேன்னு சொல்றீங்களா?" என்று கேட்டு எழுந்துவிட்டார். அந்த ஆய்வு இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்கிறது. இவருடைய கோபம் இந்தப் பிள்ளையைச் சாகடிக்கும் என்று அதில் இல்லை. இப்போது வேறு விதமாகச் சொல்கிறேன்: "சோறு போட்டு, சாப்பிட்டியான்னு கேக்கறதே அந்தப் புள்ளைக்கு ஒரு காவல்." இதைச் சொன்னால் பெரும்பாலான அப்பாக்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள்.

9 ஜூலை 2025

நீதிமன்றமே ஆலோசனைக்கு அனுப்பினால் என்ன என்று சட்டம் படிக்கும் ஒருவர் கேட்டதற்கு, நான் தனிச் செய்தியில் 2021ஆம் ஆண்டு வழக்கைக் காட்டி அது நல்ல முன்மாதிரி என்று எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது பாதி உண்மைதான்.

மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனபோது, நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் உளவியலாளர் வித்யா தினகரனிடம் அனுப்பினார். பிறகு தாமும் அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, தமக்கு இருந்த முன்முடிவுகளை 2021 ஜூன் 7 உத்தரவில் ஒளிக்காமல் எழுதினார். தன்பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை சொன்னது அந்த உத்தரவுதான். பால்புதுமையர் (குயர்) போன்ற மரியாதையான சொற்களை 2022இல் அரசிதழில் வெளியிட்டதும் அதே வழக்கின் தொடர்ச்சி. ஆனால் அதே உத்தரவில் இன்னொன்றும் இருக்கிறது: ஆலோசனைக்குப் பிறகும் பெற்றோர், தங்கள் மகள்கள் பெண்ணோடு இணைந்து வாழ்வதைவிடத் துணையே இல்லாமல் வாழ்வதே கௌரவம் என்று கருதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு என் பென்னாகரம் தகப்பனாரின் துண்டு நினைவுக்கு வந்தது. ஓரிரு அமர்வில் மனம் திரும்பிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

பாதி உண்மை என்று சொன்னதற்குக் காரணம் 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் தந்த வழிகாட்டுதல்கள். ஆட்கொணர்வு வழக்கில் வந்து நிற்கும், வயது வந்த ஒருவரின் மனத்தை மாற்ற ஆலோசனையைக் கருவியாக்கக் கூடாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆலோசனைக்குப் போய்விட்டு வா என்று பெற்றோர் பக்கமே தள்ளிவிடும் வழக்கம் அந்த அளவுக்கு இருந்தது. எனவே என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். யாரை மாற்றுவதற்காக ஆலோசனை என்று முதலில் கேளுங்கள். பிள்ளையை மாற்ற என்றால் அது ஆலோசனை அல்ல.

இந்த மே 22 அன்று, பெற்றோரால் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண் ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர்கள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழி அல்ல, நாமே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்பதும் ஏற்கப்பட்ட கருத்து என்று எழுதினார்கள். அந்த வழக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது, நமக்குப் பக்கத்து ஊர். அந்தத் தீர்ப்பை நான் அச்செடுத்து அறையில் வைத்திருக்கிறேன். 2019இல் அந்தத் தோழி வந்தபோது என்னிடம் இருந்திருக்க வேண்டிய தாள் அது.

20 ஜூலை 2025

திருமண உரிமை இல்லையே, இதையெல்லாம் பேசி என்ன பயன் என்று மனம் கசந்து எழுதியவருக்கு. உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் அந்த உரிமை கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் பை ஆணியில் தொங்கும் வீட்டுக்குச் சிறு காகிதங்களும் பெரிய துணை. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், இணையரை நியமனதாரராக (நாமினி) காட்டவும் தடை ஏதும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் விளக்கம் வெளியிட்டது. குடும்ப அட்டை வழங்குவதில் இத்தகைய இணையரை ஒரே குடும்பமாகக் கொள்ளுமாறு மாநிலங்களுக்கு எழுதப்பட்டதும் அதே காலத்தில்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 14ஆம் பிரிவின்படி, வயது வந்த எவரும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, தமக்கு மனநலச் சிகிச்சை வேண்டிவரும் நாளுக்கான பிரதிநிதியை நியமிக்கலாம். அவர் இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை.

அரூர் இணையர் அந்தத் தாளை என் அறையிலேயே எழுதினார்கள். வெளிமாவட்டக்காரர் பெயரை எழுதும்போது அரூர்க்காரருக்குக் கை நடுங்கியது. இனிஷியலைத் தவறாகப் போட்டுவிட்டு, வேறு தாள் கேட்டார். எழுதி முடித்ததும் மற்றவர் அதை வாங்கி இரண்டு முறை படித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆறு அமர்வில் நான் பேசியதைவிட அந்தத் தாள் அவருக்கு அதிகம் சொன்னது.

27 ஜூலை 2025

ஓசூர் தம்பி, ஆடிப் பதினெட்டுக்கு அம்மா வருகிறார், இந்த முறை அவனைப் போகவிட மாட்டேன், எல்லாவற்றையும் உடைத்துப் பேசிவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உடைக்க வேண்டாம். அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், மறுபடியும் சொல்ல ஒன்றும் இல்லை. அவன் வீட்டில் இருக்கட்டும், அவ்வளவுதான் அன்றைய வேலை. போகலாமா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்து அவனுக்கு அறிவிக்காதீர்கள்; அவனிடம் கேளுங்கள். ஆறு ஆண்டாக அவன் எப்போது வெளியேற வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்தார்கள். எப்போது இருக்க வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்துவிட்டால் அவனுக்கு அதில் என்ன இருக்கிறது? அம்மா மாமா மகள் பேச்சை எடுத்தால், பெண்ணைப் பற்றிப் பேசாதீர்கள். மாமா எப்படி இருக்கிறார், அவர் வருத்தப்பட்டால் உனக்கு என்னம்மா ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். தெலுங்கிலேயே கேளுங்கள்.

6 ஆகஸ்ட் 2025

உங்கள் நீண்ட மடலைப் படித்தேன். மற்ற வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று நீங்கள் அனுமதித்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன். அம்மா ராகி மாவும் புளியும் கொண்டு வந்தார். பை வெளியே போகவில்லை. மதியம் மூவருக்கும் களி கிண்டினார், பையனுக்கும் தட்டு வைத்தார், ஆனால் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமாவைப் பற்றிக் கேட்டபோது அரை மணி நேரம் பேசினார், அழுதார். இரவு படுக்கும் முன் அவராகவே உள்ளே போய்க் கட்டில்களைப் பிரித்துப் போட்டார். நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அதைத் தடுக்காமல் நின்றது கோழைத்தனமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவன் பக்கத்தில் நின்றவன். கட்டில் நகர்ந்தபோது அவனுக்கு என்னவாக இருந்தது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்பது உங்கள் மடலிலிருந்து தெரிகிறது. அடுத்த அமர்வை அதிலிருந்தே தொடங்குங்கள்.

அம்மாவுக்குத் தெலுங்கில் பேசக்கூடிய ஆலோசகர் ஒருவரின் விவரத்தைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் வாரம் இரண்டு நாள் இருக்கிறார். வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பிறகு அழைக்கச் சொன்னார். அம்மாவே அழைத்தால் நல்லது என்றும் சொன்னார்.